ஓஃப்சைட் கோடு: 1845 முதல் நம்ம ஊர் மைதானம் வரை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். விளையாட்டைப் பற்றியது என்றாலும் நம் பிள்ளைகளைப் பற்றியதும்தான்.

சென்ற வாரம் நம்ம ஊர் மைதானத்தில் தரம் 9 பிள்ளைகளின் உதைபந்தாட்டப் போட்டி நடந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நடுவிலிருந்து ஒரு பந்து வந்தது. முன்னால் நின்ற பிள்ளை அதை எடுத்துக்கொண்டு ஓடி கோல் போட்டார். கோட்டோரம் கொடி உயர்ந்தது. ஓஃப்சைட். மத்தியஸ்தர் விசில் ஊதினார், கோல் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அங்கிருந்த எல்லோரும் பார்த்தீர்கள். பெரியவர்கள் நாலைந்து பேர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். ஒருவர், "சமமாத்தானே நின்டான், சமமா நின்டா ஓஃப்சைட் இல்ல" என்றார். ஒரு காலத்தில் நம்ம ஊருக்கு விளையாடிய மூத்த காக்கா ஒருவர், "சமமா நின்டாலே ஓஃப்சைட்தான், கொடி சரி" என்றார். இருவரும் சத்தியம் செய்யாத குறை. கொடி பிடித்தவர் தரம் 11 படிக்கும் நம் மாணவர். அவர் என்ன கண்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரோ அவர் கையிலிருந்த கொடியைப் பறித்தார்கள். இரவு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றியது. அதன் மேல் சிவப்பில் ஒரு கோடு வேறு கீறியிருந்தார்கள்.

மறுநாள் அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து சொன்னது ஒரே வசனம்: "சேர், இனிமேல் என்னைக் கொடி பிடிக்கச் சொல்லாதீங்க."

அந்த வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவு. அந்தக் கொடி சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஓஃப்சைட் விதி எங்கிருந்து வந்தது, எத்தனை முறை மாறியது என்று தெரிந்தால், அன்று சண்டை பிடித்த இருவரும் ஏன் அவ்வளவு உறுதியாக நின்றார்கள் என்பதும் விளங்கும்.

முதலில், விதியை எழுதியது யார்?

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒவ்வொரு பெரிய பாடசாலையும் தனக்கென்று ஒரு பந்தாட்டம் வைத்திருந்தது. ஒன்றில் கையால் பிடிக்கலாம், மற்றொன்றில் பிடிக்கக் கூடாது. ஒன்றில் காலில் உதைக்கலாம், மற்றொன்றில் அது குற்றம். ரக்பி என்ற பாடசாலையில் 1845இல் முதன்முதலாக விதிகளை எழுத்தில் கொண்டு வந்தார்கள். எழுதியவர்கள் ஆசிரியர்கள் இல்லை, மூன்று மூத்த மாணவர்கள். நம் தரம் 11, உயர்தரப் பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்கும் இருக்கும். அந்த விதிகளிலேயே ஓஃப்சைட் இருக்கிறது.

சொல்லின் பொருளையும் கவனியுங்கள். "சைட்" என்பது மைதானத்தின் பக்கம் இல்லை, உங்கள் அணி. "ஓஃப்சைட்" என்றால் உங்கள் அணியை விட்டு விலகி நிற்கிறீர்கள் என்று பொருள். எல்லோரும் பந்தோடு போராடிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் போய்ப் பதுங்கி நின்று, வரும் பந்தைத் தட்டிவிடுவது அந்தப் பிள்ளைகளுக்கு வெட்கக்கேடாகப் பட்டது. ஈட்டன் பாடசாலையில் இதற்கு வைத்த பெயரே "பதுங்கிப் போதல்" என்ற பொருளில்தான் இருந்தது. ஆக இந்த விதியின் வேர் அளவுநாடாவில் இல்லை, ஒழுக்கத்தில் இருக்கிறது. கஷ்டப்படாமல் பலனை எடுக்காதே என்பதுதான் அதன் முதல் கருத்து.

பிரச்சினை எங்கே வந்தது? இந்தப் பாடசாலைகளில் படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒன்றாக விளையாடப் பார்த்தபோது, ஆளுக்கொரு விதி சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் பொது விதிகள் தயாரித்தார்கள். 1856ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் விதிப்படி, பின்னாலிருந்து வரும் பந்தை நீங்கள் தொட வேண்டுமானால் உங்களுக்கு முன்னால் எதிரணியினர் மூவருக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது குறைந்தது நான்கு பேர்.

ஷெஃபீல்ட் நகரத்தில் 1857இல் ஒரு கழகம் தொடங்கியது. அடுத்த வருடம் அவர்கள் எழுதிய விதிகளில் ஓஃப்சைட் என்ற சொல்லே இல்லை. அங்கே ஒருவர் எதிரணியின் கோலுக்குப் பக்கத்திலேயே நின்று பந்துக்குக் காத்திருக்கலாம்.

1863 ஒக்டோபர் 26ஆம் திகதி லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டவேர்ன் என்ற இடத்தில் பல கழகங்கள் கூடி உதைபந்தாட்டச் சங்கத்தை அமைத்தன. எபினேசர் கொப் மோர்லி என்ற சட்டத்தரணி அதன் முதல் செயலாளர். அவர்கள் அந்த வருடம் எழுதிய விதி மிகக் கடுமையானது. பந்தை விட முன்னால் நிற்கும் எவரும் ஆட்டத்தில் இல்லை, அவ்வளவுதான். எதிரணியினர் எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள் என்ற கணக்கே கிடையாது. இன்றைய ரக்பியில் பந்தை முன்னால் எறிய முடியாததைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே நிலைமை. முன்னால் பாஸ் கொடுப்பதில் பிரயோசனம் இல்லாததால் ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவார், மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். தவறினால் பின்னால் வருபவர் எடுப்பார்.

இது மூன்று வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1866இல் விதியை மாற்றினார்கள். முன்னால் எதிரணியினர் மூவர் இருந்தால் ஓஃப்சைட் இல்லை என்று ஆயிற்று. உதைபந்தாட்டம் ரக்பியிலிருந்து உண்மையில் பிரிந்து நடக்கத் தொடங்கியது இங்கேதான் என்று சொல்லலாம். முன்னால் பாஸ் கொடுக்க வழி திறந்தது. ஸ்கொட்லாந்துக்காரர்கள் அதைக் கலையாக்கினார்கள். 1872 நவம்பர் 30ஆம் திகதி கிளாஸ்கோவில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் சர்வதேசப் போட்டியில், தனியே உருட்டி ஓடிய ஆங்கிலேயருக்கு ஈடாக ஸ்கொட்லாந்துக்காரர்கள் சேர்ந்து விளையாடினார்கள். முடிவு கோல் இன்றிச் சமநிலை.

சரி, அந்தக் காலத்தில் கொடி பிடித்தது யார்? ஆரம்பத்தில் யாருமில்லை. இரு அணித் தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். பிறகு அணிக்கொருவராக இரண்டு நடுவர்கள் வந்தார்கள். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கேட்க மைதானத்துக்கு வெளியே ஒரு மத்தியஸ்தர் இருந்தார். 1891இல்தான் மத்தியஸ்தர் உள்ளே வந்தார், அந்த இரு நடுவர்களும் கோட்டோரத்துக்குப் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். ஏன் இந்த மாற்றம்? தன் அணிக்குச் சார்பில்லாத ஒருவர் சொல்வதை இரு தரப்பும் ஏற்க வேண்டும் என்பதற்காக. கொடி பிடிப்பவரின் வேலை அன்றிலிருந்து ஒரு அமானிதம். அதை நாம் அன்று ஒரு பிள்ளையின் கையிலிருந்து பறித்தோம்.

விதி அதோடு நிற்கவில்லை. 1907இல் தன் பாதி மைதானத்தில் நிற்பவருக்கு ஓஃப்சைட் இல்லை என்றார்கள். 1920இல் த்ரோ-இன் பந்துக்கு ஓஃப்சைட் இல்லை என்றார்கள்.

பிறகு வந்தது பெரிய மாற்றம். நியூகாசில் அணியில் பில் மெக்ராக்கன் என்ற பின்கள வீரர் இருந்தார், அயர்லாந்துக்காரர். மூவர் விதியில் இருந்த ஒரு வசதியை அவர் நன்றாகப் பிடித்துக்கொண்டார். கணக்கு எளிது. கோல்காப்பாளர் ஒருவர், பின்கள வீரர்கள் இருவர். சரியான நேரத்தில் பின்கள வீரர் ஒருவர் மட்டும் நாலடி முன்னால் வந்தால் போதும், தாக்க வருபவருக்கு முன்னால் இருவர்தான் மிச்சம். கொடி உயரும். கணக்குத் தப்பினாலும் பின்னால் இன்னொரு பின்கள வீரர் காவலுக்கு இருப்பார். நட்டமே இல்லாத வியாபாரம். மற்ற அணிகளும் இதைப் பார்த்துப் பழகின. ஆட்டம் விசில் சத்தமாகவே போயிற்று, கோல்கள் குறைந்தன, பார்க்க வந்தவர்கள் சலித்தார்கள்.

1925 ஜூனில் ஸ்கொட்லாந்துச் சங்கத்தின் யோசனைப்படி மூவர் என்பதை இருவர் ஆக்கினார்கள். ஒரேயொரு எண்தான் மாறியது. பலனைப் பாருங்கள். இங்கிலாந்தின் முதல் பிரிவு லீக்கில் 1924-25 பருவத்தில் 462 போட்டிகளில் 1,192 கோல்கள். அடுத்த பருவத்தில் அதே 462 போட்டிகளில் 1,703 கோல்கள். இப்போது பின்கள வீரர் ஒருவர் முன்னால் வந்து கணக்குத் தப்பினால், மிஞ்சுவது கோல்காப்பாளர் மட்டும்தான். பழைய வியாபாரத்தில் இப்போது நட்டம் வந்துவிட்டது.

புதிய விதியில் பெரிய அணிகளும் தடுமாறின. 1925 ஒக்டோபர் 3ஆம் திகதி ஆர்சனல், நியூகாசிலிடம் 7-0 என்று தோற்றது. ஆர்சனல் அணித் தலைவர் சார்லி பக்கன், நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னால் இறக்கி மூன்றாவது பின்கள வீரராக வைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பயிற்றுநர் ஹேர்பட் சப்மன் ஏற்றுக்கொண்டார். இரண்டே நாளில் வெஸ்ட் ஹாம் அணியை 4-0 என்று வென்றார்கள். இன்று நம் பிள்ளைகளுக்கு "சென்டர் பேக்" என்று நாம் சொல்லிக்கொடுக்கும் இடம் அப்படி வந்ததுதான்.

இங்கே நம் நாட்டையும் ஒரு கணம் நினைப்போம். பிரித்தானியர் கொண்டுவந்த இந்த விளையாட்டுக்கு நம் நாட்டில் தேசியச் சங்கம் அமைந்தது 1939இல். ஃபீஃபாவில் நாம் சேர்ந்தது 1952இல். அப்போதெல்லாம் இருவர் விதி நிலைத்துவிட்டிருந்தது. நம் வாப்பாமார் விளையாடியது அந்த விதியில்தான். அந்த விதியில் ஒரு நுணுக்கம் இருந்தது: கடைசிக்கு முந்திய எதிரணி வீரருக்குச் சமமாக நின்றாலும் ஓஃப்சைட்.

1990இல்தான் அதை மாற்றினார்கள். தாக்குபவருக்கு வாய்ப்புக் கூட வேண்டும் என்பதற்காக, சமமாக நின்றால் ஓஃப்சைட் இல்லை என்றார்கள்.

இப்போது விளங்குகிறதா? அன்று மைதானத்தில் சத்தம் போட்ட மூத்த காக்கா பொய் சொல்லவில்லை. அவர் விளையாடியது 80களில். அவர் சொன்னது அவர் காலத்துச் சட்டம். எதிர்த்துப் பேசிய வாப்பா சொன்னது இந்தக் காலத்துச் சட்டம். இருவரும் தாம் கற்றதில் சரி. இடையில் சட்டம் நகர்ந்ததைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. நாங்கள் அந்தக் காக்காவின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்க அந்த நாள் தூக்கின கொடியெல்லாம் இப்ப தூக்கினா பிழையா?" என்று சிரித்தார். பிறகு, "அந்தப் பொடியன்ட கொடியப் பறிச்சது சரியில்ல" என்றும் சொன்னார்.

இன்றைய விதியைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் அணி வீரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், நீங்கள் எதிரணியின் பாதியில் இருக்கிறீர்கள், பந்தை விட முன்னால் இருக்கிறீர்கள், எதிரணியின் கடைசிக்கு முந்திய வீரரையும் விட முன்னால் இருக்கிறீர்கள் என்றால், நீங்கள் ஓஃப்சைட் நிலையில் இருக்கிறீர்கள். தலை, உடல், கால் இவற்றில் எது முன்னால் இருந்தாலும் கணக்கு. கையைக் கணக்கில் எடுப்பதில்லை, கையால் கோல் போட முடியாது என்பதால். அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றமில்லை. அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். கோல் கிக், த்ரோ-இன், கோர்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஓஃப்சைட் இல்லை.

கவனியுங்கள், "பந்தை உதைக்கும் கணம்". பந்து வந்து சேரும் கணம் இல்லை. பார்வையாளர் பக்கத்தில் வரும் சண்டைகளில் பாதி இதிலிருந்து வருவதுதான். பந்து வந்து சேரும்போது முன்கள வீரர் ஐந்தடி முன்னால் நிற்பார், அது குற்றமே இல்லை.

கொடி பிடிப்பவரின் கஷ்டமும் இங்கேதான். உதைப்பவர் ஒரு மூலையில், ஓடுபவர் இன்னொரு மூலையில். இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும். ஓடும் பிள்ளை செக்கனுக்கு ஆறு மீற்றர் போகிறார் என்று வைத்தால், செக்கனில் பத்தில் ஒரு பங்கில் அறுபது சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவார். பின்கள வீரர் எதிர்த்திசையில் ஓடினால் இடைவெளி ஒரு மீற்றரையும் தாண்டும்.

கோணம் இன்னொரு கஷ்டம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு "நேச்சர்" சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். லைன்ஸ்மேன்களின் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அவர்கள் நிற்கும் இடம்தான், பக்கச்சார்பு இல்லை என்று காட்டினார்கள். வீட்டு முற்றத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு கதிரைகளை, ஒன்றுக்கு அப்பால் மற்றொன்றாக, ஒரே நேர்கோட்டில் தள்ளித்தள்ளி வையுங்கள். கோட்டின் நேரே நின்று பார்த்தால் சமம். ஓரடி வலப்பக்கம் நகர்ந்து பாருங்கள், தூரத்துக் கதிரை முன்னால் வந்தது போல் தெரியும். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் பின்னால் போனது போல் தெரியும். கதிரைகள் அசையவே இல்லை.

அன்று சுற்றிய வீடியோ நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து சாய்வாக எடுத்தது. அதன் மேல் எவ்வளவு சிவப்பாகக் கோடு கீறினாலும் அது எதையும் நிரூபிக்காது. அந்த மைதானத்தில் கோட்டுக்கு நேரே நின்றவர் ஒரே ஒருவர். அவர் அந்தப் பிள்ளை.

உலகக் கிண்ணத்திலேயே மனிதக் கண்ணை நம்பி இருக்க முடியாமல் கருவிகளை வைத்தார்கள். 2022இல் கட்டாரில் கூரையின் கீழ் 12 கமெராக்கள், ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள், பந்துக்குள் செக்கனுக்கு 500 முறை தகவல் அனுப்பும் உணரி. அந்தக் கருவிகள் முதல் போட்டியின் மூன்றாவது நிமிடத்திலேயே எக்குவடோர் போட்ட கோலை மறுத்தன. சவூதி அரேபியா ஆர்ஜென்டீனாவை 2-1 என்று வென்ற நாளை நாம் யாரும் மறக்கவில்லை. எத்தனை வீடுகளில் அன்று தக்பீர் சத்தம்! அந்தப் போட்டியின் முதல் பாதியில் ஆர்ஜென்டீனா போட்ட மூன்று கோல்கள் ஓஃப்சைட் என்று மறுக்கப்பட்டன. மெஸ்ஸி ஒன்று, லவுட்டாரோ மார்ட்டினஸ் இரண்டு. சவூதி வீரர்கள் துணிந்து கோட்டை முன்னால் தள்ளி நின்றதன் பலன் அது. மெஸ்ஸி கொடியைப் பறிக்கவில்லை. திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றார்.

இன்றும் கோடு நின்றபாடில்லை. உடல் முழுவதும் முன்னால் இருந்தால் மட்டுமே ஓஃப்சைட் என்று ஆக்கலாம் என ஆர்சன் வெங்கர் ஒரு யோசனை வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர் ஆட்டங்களில் ஓஃப்சைட்டே இல்லை. முதலில் பந்தோடு பழகட்டும், கோடு பிறகு வரட்டும் என்பது அவர்கள் முடிவு. நாமும் நம் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்வது பற்றி யோசிக்கலாம்.

நால்வர், யாருமில்லை, பந்துக்கு முன்னால் நின்றாலே குற்றம், மூவர், இருவர், சமம் குற்றம், சமம் குற்றமில்லை. இத்தனை முறை மாறிய ஒரு கோட்டுக்காக நாம் மைதானத்துக்குள் இறங்கினோம். மாறாமல் இருந்தது ஒன்றுதான்: அன்றைக்கு எது சட்டமோ அதை இரு தரப்பும் ஏற்று, கொடி பிடிப்பவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். அது இல்லாவிட்டால் அந்த 1845 மாணவர்களின் ஆட்டம் ஒரு நாளும் ஓடியிருக்காது.

நாங்கள் அந்தப் பிள்ளையிடம் என்ன கண்டாய் என்று கேட்டோம். "பந்து காலை விட்டுப் போகேக்க அவர்ட கால் முன்னுக்கு இருந்தது சேர். நான் கண்டதைத்தான் தூக்கினேன்" என்றார். அவர் கண்டது பிழையாகவும் இருக்கலாம். ஆனால் கண்டதைத் தூக்கினார். தன் வகுப்புக் கூட்டாளிமார் விளையாடும் அணி எது என்று பார்க்கவில்லை. பரீட்சையில் புள்ளி போட முடியாத ஒரு பாடத்தில் அவர் சித்தியடைந்துவிட்டார். தோற்றது நாம்தான்.

எனவே ஒரு வேண்டுகோள். வரும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி ஆட்டம் வைக்கிறோம். அன்று கொடி பிடிக்கப் போவது வாப்பாமார். ஒருவருக்குப் பத்து நிமிடம். அன்று மைதானத்துக்குள் இறங்கியவர்களும் வாருங்கள், மூத்த காக்கா முதல் ஆளாக வருவதாகச் சொல்லிவிட்டார். பத்து நிமிடம் அந்தக் கோட்டில் ஓடிப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்ன வார்த்தை என்று நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த போட்டியில் கொடி மீண்டும் அவர் கையில் இருக்க வேண்டும். அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் இந்தப் பதிவையும் அதே குழுக்களில் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.